மாமா சிபாரிசு செய்த பாதிப் புத்தகம்

தொழில் தொடங்கலாம் என்றிருக்கிறேன், பங்குச்சந்தையில் கொஞ்சம் போடலாம் என்றிருக்கிறேன், எந்தப் புத்தகம் படிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு என் அச்சாபீசுக்கு அவ்வப்போது யாராவது வருவார்கள். பெரும்பாலும் கல்லூரி முடித்த பிள்ளைகள். சிவகாசியில் பிறந்தவர்களுக்குச் சம்பளத்துக்குப் போவதற்கு முன்னால் சொந்தமாக ஏதாவது வைத்துப் பார்க்கலாமே என்றுதான் புத்தி ஓடும். நான் பெரிய படிப்பாளி இல்லை. இருந்தாலும் ஆளைப் பார்த்து ஒரு புத்தகம் சொல்லுவேன். வாய் திறக்கவே கூச்சப்படுகிறவனுக்கு ஒன்று, வாயாலேயே கம்பெனி கட்டுகிறவனுக்கு ஒன்று, போட்ட பணம் அடுத்த மாதமே இரட்டிக்க வேண்டும் என்கிறவனுக்கு இருப்பதிலேயே தடிமனான ஒன்று. கூடவே ஒரு நிபந்தனையும் போடுவேன். கடைசி அத்தியாயத்தை உடனே படித்துவிடக் கூடாது. அதற்குமுன் நீயாக ஒரு முடிவை யோசித்து வைத்துக்கொள். வருகிறவர்கள் சிரிப்பார்கள். இந்த வைத்தியம் மொத்தமும் என் மாமாவிடமிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. காலண்டர், டைரிக்கு ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டு. ஆடி மாதம் பிறந்தால் சாம்பிள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார். தை பிறந்து எல்லார் வீட்டுச் சுவரிலும் காலண்டர் ஏறியதும் அவருக்கு வேலை தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் புத்தகம் படிப்பார். கதைப்புத்தகம் இல்லை. முன்னேறுவது, முதலீடு செய்வது, வாடிக்கையாளர் மனதைப் பிடிப்பது, இந்த வகை மட்டும்தான். படித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் அவருக்குத் தெரியாது. டீக்கடைக்காரரிடம் தலைமைப் பண்பு பற்றிய புத்தகத்தைக் கொடுப்பார். விடியுமுன் எழுந்து எல்லார் வேலையையும் பார்க்கிற அம்மாவுக்கு நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். “இத எப்பம்டா படிக்க?” என்று கேட்டுவிட்டு அம்மா அதை அரிசி டின்னுக்கு மூடியாக்கினாள். ஏழாம் வகுப்புப் படித்த எனக்குக்கூடப் பங்குச்சந்தை பற்றி ஒன்று கிடைத்தது. அதிலே காளை மாடும் கரடியும் இருந்தன. இரண்டுக்கும் கலர் பென்சிலால் வர்ணம் அடித்தேன்.

இத்தனைக்கும் மாமா தொட்டது எதுவும் துலங்கவில்லை. காளான் வளர்த்தார், அழுகியது. வண்ணமீன் விற்றார், மிதந்தது. விஸ்வநத்தத்தில் ஜெராக்ஸ் கடை போட்டார்; கடையில் கூட்டம் இருந்தது, எல்லாரும் அவர் வாங்கும் பேப்பரைப் படிக்க வந்தவர்கள். அப்பாவுக்கு இது போதுமே. “ஏலே மாப்ளே, மீனு சாகறது எத்தனாம் பக்கத்துல போட்டிருக்கு?” என்று தெருமுனைக்குக் கேட்கிற குரலில் கேட்பார். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அப்பாவுக்கு மெதுவாகப் பேசவே வராது. அன்பாக இரண்டு வார்த்தை சொன்னாலும் சண்டை போடுகிற மாதிரிதான் இருக்கும்.

அப்பா வைத்திருந்தது சின்ன அச்சாபீஸ். ஒரே ஒரு மெஷின். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பது வேலை. அதிலும் பெரும்பங்கு ஒரே கம்பெனியின் ஆர்டர். நான் ஏழாவது படித்த அந்த வருடம் வடக்கே பல ஊர்களில் பட்டாசு வெடிக்கத் தடை வந்து, போன சீசன் சரக்கே கிட்டங்கியில் தேங்கிவிட்டது. கம்பெனி கையை விரித்தது. அதற்குள் அப்பா அடுத்த சீசனுக்கான லேபிள்களை அடித்து முடித்திருந்தார். சிங்கம் வாயைப் பிளந்து நிற்க, அதன் தலைக்கு மேலே கம்பெனியின் பெயர். அந்தப் பெயர் இருப்பதால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அச்சடித்ததைத் திரும்ப வெள்ளைத்தாளாக்கவும் முடியாது. வீட்டின் முன்னறையிலும் அச்சாபீசிலும் கட்டுக்கட்டாகச் சிங்கங்கள்.

அப்பா மெஷினை நிறுத்தினார். அதோடு பேச்சையும் நிறுத்திவிட்டார். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சாப்பிடுகிறீர்களா என்றால் தட்டின் முன் உட்காருவார், போதுமா என்றால் எழுந்துவிடுவார். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது கொண்டாட்டமாக இருந்தது. வீட்டுப்பாடம் எழுதினாயா என்று கேட்க ஆளில்லை. ஆனால் அம்மா என்னை விளையாடப் போகவிடாமல் அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கச் சொன்னாள். அச்சாபீஸ் சாவியை ஆணியிலிருந்து எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். எங்களைப் போலவே லேபிள் அடித்த இன்னொருவர் இப்படித்தான் பேசாமல் இருந்தார் என்றும், ஒருநாள் தன் அச்சாபீஸ் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார் என்றும், பிறகு அதை வெளியிலிருந்து உடைக்க வேண்டியதாயிற்று என்றும் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். கதவு ஏதோ பழுது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

துக்கம் விசாரிப்பதுபோல் வந்த சொந்தக்காரர்களை அப்பா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அம்மா மாமாவுக்குப் போன் போட்டாள். “தம்பி, ஒண்ணும் செய்ய வேண்டாம். தெனமும் சாயங்காலம் வந்து அவுக பக்கத்துல உக்காந்துட்டுப் போ” என்றாள். மாமாவுக்குச் சும்மா உட்காரத் தெரியுமா? கையில் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். அவருக்கே மிகவும் பிடித்தது, வரிக்கு வரி பென்சில் கோடு போட்டது. “மச்சான், இது உங்களுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு. படிச்சிருங்க” என்று கட்டிலில் வைத்தார். மறுநாள் வந்து, “எம்புட்டுப் பக்கம் ஆச்சு மச்சான்?” என்றார். அதற்கு மறுநாளும் அதே கேள்வி. சுவர்தான் பதில் சொல்லவேண்டும். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, புத்தகத்தில் தானே நாலு பக்கம் புரட்டிவிட்டுப் போவார். பங்குனி வெயிலில் தினமும் இதற்காக மொபெட்டை உருட்டிக்கொண்டு வருகிறாரே, இவருக்கு வேறு வேலையே இல்லையா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் வேஸ்ட் பேப்பர்காரர் வந்து லேபிள் கட்டுகளை வண்டியில் ஏற்றினார். அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிக் கட்டு ஏறியதும் உள்ளே போனார். மாமாவின் புத்தகத்தை எடுத்துவந்து லோடின் உச்சியில் வைத்தார். பிறகு கட்டிலுக்குத் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் மாமா வந்ததும் முதல் வேலையாக இதைச் சொன்னேன். மாமா முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அவரோ என் தோளைப் பிடித்து உலுக்கி, “அவரே எந்திரிச்சு வந்து போட்டாரா? யாரும் சொல்லாமலா?” என்றார். ஆமாம் என்றதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து, நிறையப் படித்தால் இப்படித்தான் ஆகும் போல என்று பயந்துபோனேன்.

எங்கள் பக்கத்தில் அச்சாபீஸ் கழிவுத்தாள் வீணாவதில்லை. கிராமங்களுக்குப் போய், வெடிக்கான காகிதக் குழாய்களாகச் சுற்றப்படும். எங்கள் லோடு வெம்பக்கோட்டைப் பக்கம் போயிருப்பதாக வேஸ்ட் பேப்பர்காரர் சொன்னார். விடுமுறை நாளாகப் பார்த்து மாமா என்னையும் மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு புத்தகத்தைத் தேடிக் கிளம்பினார். விசாரித்து விசாரித்து ஒரு வீட்டைக் கண்டுபிடித்தோம். ஓட்டுச்சாய்ப்பின் கீழே ஓர் அக்கா பசைக்கிண்ணமும் கம்பியுமாக உட்கார்ந்து குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் சிங்கங்கள் அவள் காலடியில் விரல் தடிமனில் சுருண்டு கிடந்தன. ஒன்றில் வால் மட்டும் வெளியே தெரிந்தது.

“பொஸ்தகமா அண்ணாச்சி? நல்ல மொறமொறப்பான தாளு. அதான் நேத்தே கிழிச்சேன்” என்று அவள் மிச்சத்தை எடுத்து நீட்டினாள். பின்னாலிருந்து கிழித்திருந்ததால் முன்பாதி அப்படியே இருந்தது. “இன்னும் கொஞ்சம் தாளு சாக்குல கெடக்கும். தேடித் தரட்டா?”

மாமா மிஞ்சியிருந்த கடைசிப் பக்கத்தை நின்றபடியே படித்தார். புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “வேண்டாம் தாயி. நீங்க சுத்துங்க” என்றார்.

முடிவு இல்லாத புத்தகத்தை என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, “வெயில் ஏறுது, வா” என்று மொபெட்டை உதைத்தார். தெரிந்துதான் வேண்டாம் என்றாரா, இல்லை, நிஜமாகவே வெயிலுக்குப் பயந்தாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துதான் செய்தேன் என்று சொல்லிவிடுவார், அவர் சுபாவம் அப்படி. வளர்ந்த பிறகு அதே புத்தகத்தின் முழுப்பிரதி ஒன்று எனக்குக் கிடைத்தது. பின்பாதியில் பக்கம் பக்கமாக அறிவுரைதான். மனதை மாற்றிக்கொள், நம்பிக்கையோடு சிரி, விடியலில் எழுந்து ஓடு. அப்பா அதைக் கேட்டிருந்தால் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பார். அதை வெடிக்குள் அனுப்பி வைத்த அந்த அக்காவுக்கும் நான் நன்றி சொல்லவேண்டும்.

முன்பாதியில் கதை இருந்தது. அன்றிலிருந்து மாமா அப்பாவைப் படிக்கச் சொல்லவில்லை. கட்டிலின் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தனக்குத்தானே படித்துக்கொள்வதுபோல் சத்தமாகப் படித்தார். எங்கோ ஒரு தேசத்தில் ஒருவன் மண்ணெண்ணெய் விளக்குக்குக் கண்ணாடிச் சிம்னி செய்து விற்கிறான். நாணயமானவன். கண்ணாடியில் ஒரு கொப்புளம் இருந்தாலும் வெளியே அனுப்பமாட்டான். ஊரெல்லாம் அவன் சிம்னிதான். கிட்டங்கி நிறையச் செய்து அடுக்கிவைத்திருக்கும்போது ஊருக்குக் கரண்டு வந்துவிடுகிறது. கிட்டங்கிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவன் அத்தனை கண்ணாடிக்கும் நடுவில் போய் நிற்கிறான்.

அந்த இடத்தில் மாமா நிறுத்தினார். புத்தகத்தை மூடினார். காப்பியை எடுத்து ஆற்ற ஆரம்பித்தார். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியில் தோசைக்கல்லைப் போட்டிருந்தாள்.

“பெறகு?” என்றார் அப்பா.

தொண்டை கட்டிய குரல். மாமா காப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பெறகு தாளு இல்ல மச்சான். வெடிக்குள்ள போயிருச்சு.”

“அம்புட்டுக் கண்ணாடிய என்னலே பண்ணான்?”

“என்னத்தப் பண்ணியிருப்பான்? தலையில துண்டப் போட்டு உக்காந்திருப்பான். தப்பு அவன் மேலதான மச்சான். ஒரே சரக்க நம்பி இருந்தான்ல. கூறுகெட்ட பய.”

அப்பா கட்டிலை விட்டு எழுந்தார். “எவன்லே கூறுகெட்ட பய? கரண்டு வரும்னு அவன்ட்ட எவன் வந்து சொன்னான்? ராப்பகலா நின்னு ஒழைச்சிருக்கான், ஒரு கண்ணாடியில கொற உண்டா? அவன் என்னலே தப்பு பண்ணான்? நீ சொல்லு, என்ன தப்பு பண்ணான்?” பழைய குரல் அப்படியே திரும்பியிருந்தது. எதிர்வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள். மாமாவும் விடவில்லை. ஆளு தப்புதான், யோசனை இல்லாதவன்தான் என்று ஏற்றிக்கொண்டே போனார். அந்தச் சிம்னியின் அடியை அடைத்தால் ஜாடியாகிவிடுமே, ஊறுகாய்க்காரன் வாங்குவானே, மிட்டாய்க்கடைக்காரன் வாங்குவானே, நிறுத்திப்போட்ட மெஷினை ஓட்டி அதற்கு லேபிள் நான் அடித்துத் தரமாட்டேனா, மீனைச் சாகடித்த பயலுக்கு வியாபாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அப்பா நாற்காலியைத் தட்டித் தட்டிக் கத்தினார். பிற்பாடு எங்கள் அச்சாபீசில் ஊறுகாய்க்கும் மசாலாவுக்கும் மிட்டாய்ப் பெட்டிக்கும் லேபிள் ஓடியதற்கு, இன்று நான் அங்கே உட்கார்ந்திருப்பதற்கு, எல்லாவற்றுக்கும் பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. அதற்காக மாமாவுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. இவ்வளவு பெரிய சண்டையை அந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

அம்மாவிடம் சொல்ல அடுப்படிக்கு ஓடினேன். கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்க்காமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். கூடப் பிறந்த தம்பியை இப்படித் திட்டினால் யாருக்குத்தான் அழுகை வராது? எனக்கும் மாமாவின்மேல் பரிதாபமாக இருந்தது. அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, “அழாதம்மா. அப்பாவப் பேசாம இருக்கச் சொல்லுறேன்” என்று திரும்பினேன்.

அம்மா பாய்ந்து என்னைப் பிடித்து, மாவுக் கையாலேயே என் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.