எட்டாம் நாள் மீன் ஆணம்

அப்பாவின் எட்டாம் நாள் சடங்கில், அம்மா சமைத்த மீன் ஆணத்தை, எங்கள் பக்கத்துப் பாற்குழம்பை, நான் படைக்கவிடவில்லை. ஊர் கூடியிருந்த முற்றத்தில் கேலி செய்து திருப்பி அனுப்பினேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. இப்போது எழுபத்தெட்டு. சின்னப் பிள்ளைத்தனம் என்று சொல்லித் தப்ப முடியாது.

அம்மாவின் சமையல் மோசமானது. அதை இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன். சோறு அடியில் கருகியிருக்கும், நடுவில் அரிசியாகவே கிடக்கும். கீரையில் மணல் கடிபடும். ஆற்று மீனை அவசரமாக வெட்டுவதில் பித்துப்பை உடைந்து ஆணம் முழுக்கக் கசக்கும். தேங்காய்ப்பாலை விட்டுவிட்டு வேலிக்கரையில் கதைக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது பால் திரைந்து கிடக்கும். வறுமை காரணமில்லை, நோயும் இல்லை. சமைப்பது அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

நானும் சும்மா இருக்கவில்லை. பத்து வயதிலேயே சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுப் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிடுவேன். அந்தக் கறியின் ருசியை, அம்மாவுக்குக் கேட்கும்படி, தங்கையிடம் சொல்வேன்.

"அப்ப அங்கயே போய்ப் பிள்ளையா இரி" என்பார் அம்மா.

அப்பா மட்டும் குனிந்தபடி பிசைந்து தின்பார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதற்காக அவர் மீதும் எனக்குக் கோபம்.

இறந்தவர் விரும்பி உண்டதையெல்லாம் எட்டாம் நாள் வாழையிலையில் படைப்பது எங்கள் வழக்கம்; அன்று அவர் வந்து உண்டுபோவார் என்பது நம்பிக்கை. கொழும்பில் உத்தியோகம் பார்த்த நான், களுதாவளையிலிருந்து பேர்போன சமையல்காரர் ஒருவரைக் கூட்டி வந்தேன். சடங்குக்கு முதல் நாள் அம்மா என்னிடம் வந்தார்.

"ஒரு சட்டி மட்டும் நான் ஆக்குறன் மனே. கடைசிக் கிழமை அப்பா மீன் ஆணம் கேட்டவர். ஆக்கிக் குடுக்கக் கிடைக்கல்ல."

கேட்டேன். கேட்டுவிட்டுச் சமையல்காரரிடம் சாமான் கணக்குப் பார்க்கப் போனேன்.

மறுநாள் இலை நிறைந்தபோது மண்சட்டியோடு வந்தார். மூடியைத் திறந்து பார்த்தேன். பால் திரைந்திருந்தது.

"செத்தாப் பிறகாவது அந்த மனிசன் ருசியாத் தின்னட்டும். சட்டிய உள்ள கொண்டு போங்க."

மாமா ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். சிரிப்பு ஓயும்வரை அம்மா நின்றார். அது அவருடைய சீதன வீடு, அவருடைய முற்றம். பிறகு சட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டுக் கழுவினார்.

முப்பத்தோராம் நாள் அமுதுப் படையலுக்கு முன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, முழுவதையும் அவரே ஆக்க வேண்டும் என்றேன்.

"எட்டில வந்து நிண்டவர் பசியோட போயிட்டார். இனி ஆருக்கு ஆக்க?" என்றார்.

அதன்பின் பதினான்கு வருடம் இருந்தார். தங்கையின் பிள்ளைகளுக்குச் சமைத்தார், அதே மோசத்தோடு. நான் லீவில் வரும் நாட்களில் அடுப்பு மூட்டமாட்டார். ஒருமுறை நானே மீன் வாங்கி, பித்து உடையாமல் வெட்டிக் கழுவிக் கொடுத்து, அவர் கையால் ஆக்கித் தரும்படி கேட்டேன். கசந்தாலும் தின்பேன் என்றும் சொல்லிவிட்டேன். அப்போதும் என் வாய் அடங்கவில்லை.

அம்மா மீனைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். சந்திக் கடையில் சோற்றுப் பார்சல் எடுப்பித்து என் முன்னால் வைத்தார்.

"கடைச் சோறு. ருசியா இரிக்கும். தின்னு."

நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே இருந்தார்.