அக்காவின் மூன்று நாள் விக்கல்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில், நானும் அக்காவும் இருந்தோம். யுத்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கந்தோர் வேலைக்குப் பிந்திவிட்டது என்று குரக்கன் புட்டை அவசரமாக விழுங்கிய அக்காவுக்கு விக்கல் பிடித்தது. மத்தியானமும் நிற்கவில்லை, பின்னேரமும் நிற்கவில்லை. சனிக்கிழமை விடிந்தபோது எங்கள் வீட்டில் மூன்று பேர்: நான், அக்கா, விக்கல்.

நான் கைமருந்தை நம்பாதவன். உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்தவன். அதை இரண்டு தரம் எழுதவேண்டி வந்ததால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு விஞ்ஞானி என்று எனக்கு ஓர் எண்ணம். ஆனால் விக்கல் என்று தெரிந்தால் போதும், தெருவே வைத்தியராகிவிடும். கீழே பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நாநா ஒரு கரண்டி சீனியை நாக்கில் வைக்கச் சொன்னார். வைத்தோம். எதிர்வீட்டு அன்ரி மூக்கைப் பொத்திக்கொண்டு ஏழு மிடறு தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஆறாவது மிடறில் விக்கல் வந்து தண்ணீர் முழுவதும் என் சேட்டில் கொட்டியது.

மயிலிறகைச் சுட்டு, சாம்பலைத் தேனில் குழைத்து நக்கினால் கட்டாயம் நிற்கும் என்றும் அன்ரி சொன்னார். வெள்ளவத்தையில் மயிலுக்கு எங்கே போவது? சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் கதிர்காமத்தில் வாங்கிய இறகு ஒன்று இருந்தது. முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சுட்டோம். வீடு முழுக்கத் தலைமயிர் கருகிய நாற்றம். அக்கா நக்கினாள், விக்கினாள்.

பிறகு திடுக்கிட வைக்கும் வைத்தியம். நாநா சத்தமில்லாமல் படியேறி வந்து அக்காவின் காதுக்குப் பின்னால் பிஸ்கட் தகரத்தில் ஓங்கி அடித்தார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வருடங்களில் எங்கள் ஆட்களைத் திடுக்கிட வைக்க ஒரு பிஸ்கட் தகரம் எந்த மூலைக்கு?

ஞாயிறு காலை அக்காவே சொன்னாள்: "ஆரோ என்னை நினைக்கினம். பேரைச் சொல்லு."

இது எங்கள் ஆட்களின் முறை. யாராவது விடாமல் நினைத்தால் விக்கல் வரும். நினைக்கக்கூடியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். சரியான பெயர் வந்ததும் நின்றுவிடும். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் கொப்பியில் எழுதிவைத்து, பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுவதுபோல வாசிக்கத் தொடங்கினேன். கரையோர றெயில் போகும் சத்தத்துக்கு மேலால் கத்தவேண்டியிருந்தது. பெரியப்பா, மாமா, மச்சான்மார் என்று எல்லாரையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். செத்துப்போன சித்தப்பாவையும் கூப்பிடச் சொன்னாள் அக்கா. பதினான்காவது பெயரில் கதவு தட்டப்பட்டது.

வந்தது பொலிஸ். தெருவைச் சுற்றிவளைத்து வீடு வீடாகப் பார்க்கிறார்கள். இந்த வீட்டில் இருப்பவர்கள் என்று நாங்கள் பொலிஸில் பதிந்த படிவத்தில் இருவர். கதவுக்கு வெளியே நின்ற கான்ஸ்டபிள் பதினான்கு பேரை எண்ணியிருக்கிறார், அத்தனையும் ஆண்கள்.

"கவுத மே அய?" என்று கேட்டார். இவர்களெல்லாம் யார் என்பது கேள்வி.

என் சிங்களம் வெங்காயம் வாங்கும் அளவுக்குக் காணும். விக்கலின் தத்துவத்தை விளக்கக் காணாது. அவர்கள் இங்கே இல்லை, எங்கேயோ இருந்து எங்களை நினைக்கிறார்கள் என்று சொல்லித் தொலைத்தேன். அவர் உடனே கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். அலுமாரியைத் திறந்தார். அரிசிப் பானைக்குள்ளும் எட்டிப் பார்த்தார். நாநா ஓடி வந்து சிங்களத்தில் நீளமாக விளக்கினார். நடுவில் தானே இரண்டு தரம் விக்கியும் காட்டினார். கான்ஸ்டபிள் அக்காவைப் பார்த்தார். அக்கா அடக்கமாக ஒரு விக்கல் விட்டாள்.

அதன்பின் அவரும் வைத்தியராகிவிட்டார். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தண்ணீர் குடிக்கவேண்டுமாம். நான் அக்காவின் காதைப் பொத்தினேன், நாநா தம்ளரைப் பிடித்தார், கான்ஸ்டபிள் துவக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒவ்வொரு மிடறாக எண்ணினார். நிற்கவில்லை. அவருக்கு உண்மையாகவே கவலை. படியிறங்கும்போதும் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

நான் கொப்பியை எறிந்தேன். அப்போதுதான் விட்டுப்போன ஒரு பெயர் ஞாபகம் வந்தது. எங்கள் கடைசித் தம்பி, சின்னவன். யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டான். சண்டையில் பாதை பூட்டி ஏழு மாதம், ஒரு கடிதம் இல்லை. செத்த சித்தப்பாவைக்கூடக் கூப்பிடச் சொன்னவள் அவனை மட்டும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தேன். அக்கா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"அவன்ரை பேரைச் சொல்லாதை."

"ஏன்?"

"சொல்லியும் நிக்காட்டி?"

மூன்று நாளாக அவள் எதை விக்கிக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் விளங்கியது. பெயரைச் சொல்லியும் விக்கல் நிற்காவிட்டால் அவன் நினைக்கவில்லை என்று அர்த்தம். அவன் எங்களை நினைக்காமல் இருக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்கமுடியும்.

அன்று பின்னேரம் விக்கல் தன்பாட்டில் நின்றது. "அப்பாடா" என்றேன். அக்கா அசையாமல் காத்திருந்தாள். கால் மணித்தியாலம் போனது. அவள் முகம் வெளுத்தது.

"ஏன்ரா நிண்டது? நாங்கள் பேர் சொல்லேல்லையே."

எழுந்து குசினிக்குள் போனாள். காலையில் அவித்து மிஞ்சிய குரக்கன் புட்டை எடுத்து, கறி இல்லாமல், காய்ந்தபடியே வாய்க்குள் அடைத்தாள். விக்கல் எதனால் வருகிறது என்று இரண்டு தரம் பரீட்சை எழுதிய நான் அந்த நேரம் அவளுக்கு விளக்கியிருக்கவேண்டும். நான் செய்தது வேறு. தண்ணீர்ச் செம்பை எடுத்து அவள் கைக்கு எட்டாத தட்டில் வைத்தேன்.

மூன்றாவது பிடியில் விக்கல் வந்தது.

"இருக்கிறான்" என்றாள் அக்கா. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

நான் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து, சட்டிக்குள் கையை விட்டு, எனக்கும் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.