இரண்டு அங்குலம் உயர்ந்த சீட்

சைக்கிளில் போகிறவர்களின் முகத்தைப் பாஞ்சாலி பார்ப்பதே இல்லை. பத்து வருஷமாக அவள் கண் நேராக அவர்கள் முழங்காலுக்குத்தான் போகும். ஓசூர் ரோட்டில் ஹெப்பகோடியிலிருந்து பொம்மசந்திரா வரை வழியெல்லாம் இதே வேலை. யாரிடமும் சொன்னதில்லை; சொன்னால் சிரிப்பார்கள்.

பாட்டில் கம்பெனியில் அவளுக்குப் பேக்கிங் வேலை. வருகிற திங்கட்கிழமை முதல் காலை ஆறு மணி ஷிப்ட் என்று மாற்றிவிட்டார்கள். கால் வலிக்கும் நாளில் பஸ் பிடிப்பாள்; அந்நேரத்துக்கு அவள் பக்கம் பஸ் கிடையாது, தினமும் சைக்கிள்தான். ஆனால் பாதி தூரத்திலேயே முழங்கால் தீயாய் எரியும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவாள். அப்படிப் போனால் ஆறு மணிக்குள் சேர முடியாது. வேலையை விட வேண்டியதுதான்.

ஞாயிறு காலை பால் வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பியவள் ஓசூர் ரோட்டில் அப்படியே நின்றுவிட்டாள். ஹெல்மெட் போட்ட ஒரு சைக்கிள் கூட்டம் பறந்து போனது. பெடல் கீழே போகும்போது அவர்கள் கால் ஏறக்குறைய நிமிர்ந்துவிடுகிறது! கம்பெனிப் பெண்களின் காலோ எப்போதும் மடங்கியே இருக்கும். விழுந்துவிடக் கூடாதென்று, இரண்டு பாதமும் தரையில் படியும்படி எல்லோரும் சீட்டை அடிவரை இறக்கி வைத்திருந்தார்கள். அவளும்தான். முழங்கால் எரிவது இதனால்தானோ?

பால் பாக்கெட்டோடு நேராக நாராயணசாமியின் சைக்கிள் கடைக்குப் போனாள்.

"அண்ணா, சீட்டைத் தூக்கணும்."

"இன்னாம்மா, சர்க்கஸ்ல சேரப் போறியா? கால் எட்டாது, வுழுந்துடுவே."

"ஸ்பானரை மட்டும் குடுங்கண்ணா. நானே பாத்துக்கறேன்."

இவ்வளவு பேசிவிட்டோமே என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

அரை அங்குலம் தூக்கினாள். சுவரைப் பிடித்து ஏறி, குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை அழுத்தினாள். கால் மடங்கித்தான் இருந்தது. இறங்கினாள், இன்னும் அரை அங்குலம். நாலாவது தடவை கால் நேராக நிமிர்ந்தது. முன்பாதத்தை வைத்தபோது லேசாக மடங்கியது. இதுதான்!

நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் நழுவி ஒரு காலை ஊன்ற வேண்டும். அதையும் பார்த்து வைத்திருந்தாள். முதல் தடவை நழுவ மறந்து, கடையின் பழைய டயர்கள்மேல் போய் விழுந்தாள்.

"சொன்னனா இல்லியா!" என்றார் நாராயணசாமி.

அவள் சிரித்துக்கொண்டே மறுபடி ஏறினாள்.

திங்கட்கிழமை, வழக்கமாக இறங்கித் தள்ளும் பெட்ரோல் பங்க் வந்தது. அதுவும் பின்னால் போய்விட்டது! கால் எரியவில்லை. பின்னால் சைக்கிளில் வந்த, கூட வேலை செய்யும் வீணா கத்தினாள்: "அக்கா, நிதானா, மெதுவா! உங்க மாமியார் தொரத்தறாங்களா?"

அவள் இன்னும் அழுத்தி மிதித்தாள். ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி கேட்டில் இருந்தாள்.

இப்போதும் பாஞ்சாலி அதே காலை ஷிப்டில்தான் இருக்கிறாள். வீணாவோடு சேர்த்து ஏழு பேருக்குச் சீட்டை உயர்த்திக் கொடுத்திருக்கிறாள். ஒருத்தி மட்டும் பயந்து மறுபடி இறக்கிக்கொண்டாள்.