இரண்டு விசில்

கதவு மூடிவிட்டது. வண்டி கிளம்பவில்லை.

நிறுத்தத்தில் யாரும் இல்லை. சாலை காலியாகக் கிடந்தது. டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நான்காவது இருக்கையில் இருந்த தேர்வு அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி வரிசையில் பயிற்சி கொடுக்கும் பெண்மணி கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டார்.

"வண்டியில ஏதாவது கோளாறா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு நிக்கறீங்க?"

இந்தக் கேள்வி அந்த நாட்டு மொழியில் வந்தது. புரிந்தது. டிரைவர் அவசரமாக மிதித்தார். வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பியது. அதிகாரியின் பேனா விழுந்து படிக்கட்டு வரை உருண்டது. மொத்தம் இருபத்துமூன்று நிறுத்தங்கள். ஒன்பதில் இப்படி ஆனது.

இது இரண்டாம் முறை. மூன்று முறைதான் ஓட்டிக் காட்டலாம். மூன்றாவதும் போனால் அந்தக் கம்பெனியில் அவர் பஸ் ஓட்ட முடியாது. கழுவலாம். கடந்த பதினான்கு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஊரில் பத்தொன்பது வருடம் அரசு பஸ் ஓட்டியவர். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. மனைவி நர்ஸ். அவளுக்கு வெளிநாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்தபோது, வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். டிப்போவில் சும்மா விடவில்லை. "என்னப்பா, பொண்டாட்டி பின்னாடி போறியாமே?" என்றார்கள்.

"ஆமா. பத்தொம்பது வருஷம் ஊரையே நான் ஏத்திக்கிட்டுப் போனேன். இப்ப ஒருத்தி ஓட்டறா, நான் உக்காந்துட்டுப் போறேன்" என்றார்.

சொன்னபடியே இருந்தார். இங்கே கழுவும் வேலைதான் என்றதும் பூட்ஸும் நீளக் கையுறையும் வாங்கிக்கொண்டார். முகம் சுளித்ததை யாரும் பார்க்கவில்லை. எல்லோரையும் சார் என்று கூப்பிட்டதில், ஷெட்டில் அவருக்கே சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "சார், ஏழாம் நம்பர் வண்டியில யாரோ வாந்தி எடுத்திருக்காங்க" என்பார்கள். சார் வாளியைத் தூக்கிக்கொண்டு போவார்.

மொழியையும் அந்த வேலையிலேயே கற்றார். பஸ்ஸுக்குள் ஒட்டியிருந்த அறிவிப்புகளைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். அதனால் அவருக்கு முதலில் வந்த வாக்கியங்கள் எல்லாமே கட்டளைகள். கதவில் சாயாதீர்கள். கம்பியைப் பிடித்துக்கொள்ளவும். ஒருநாள் குடியிருப்பு மாடிப்படியில் எதிர்ப்பட்ட கிழவர் வணக்கம் சொல்ல, இவர் சுத்தமான உச்சரிப்பில், "கம்பியைப் பிடித்துக்கொள்ளவும்" என்றார். கிழவர் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அன்றிலிருந்து இருவரும் பழக்கம்.

பயிற்சிக்குப் பெயர் கொடுத்தபோது, சாலையின் மறுபக்கம் ஓட்டுவது கஷ்டமாக இருக்கும் என்றார்கள். மூன்று நாளில் பழகிவிட்டது. கியர் இல்லாத வண்டி. இடது கால் பென்ஷன் வாங்கிக்கொண்டது. வளைவில் அவர் திருப்பும் அழகைப் பார்த்துப் பயிற்சிப் பெண்மணி மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். நிறுத்தத்தில் மட்டும் ஏன் கல்லாகிவிடுகிறார் என்பது யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும்.

அன்று வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"நின்னுட்டேன்."

"வண்டியா?"

"நான்."

அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊரிலிருந்து கண்டக்டர் வீடியோவில் வந்தார். பதினொரு வருடம் ஒரே வண்டியில் இவரோடு போனவர். டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தேர்வு கதையைக் கேட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்தார்.

"பழக்கம் விடல போல இருக்கேய்யா. இந்தா வாங்கிக்கோ" என்று இரண்டு விசில் அடித்தார்.

ஊரில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. சாப்பாட்டு மேஜைக்கடியில் டிரைவரின் வலது கால் தரையை மெதுவாக அழுத்தியது. தரை பெருக்கிக்கொண்டிருந்த மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, கால் போகுது பாருங்க!" என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். பெண்ணும் ஓடிவந்து, "அங்கிள், இன்னொரு வாட்டி" என்றாள். இன்னொரு வாட்டி அடித்தார். இன்னொரு வாட்டி அழுத்தியது.

டிரைவர் சிரிக்கவில்லை. குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் தானாக ஒருமுறைகூட வண்டியைக் கிளப்பியதில்லை. யாரோ பின்னால் பார்த்துச் சொன்னார்கள், இவர் கிளப்பினார். இங்கே கண்டக்டர் கிடையாது. கதவை மூடிவிட்டு, வராத விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் பயிற்சிப் பெண்மணியிடம் போய் அப்படியே சொன்னார். வெட்கப்பட்டு மறைக்கிற ஆள் இல்லை. அந்தம்மாள் கொஞ்சம் யோசித்தார்.

"அங்க ரெண்டு பேர் ஓட்டின வண்டி. இங்க நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப அவரோட வேலையையும் கத்துக்கறேன் மேடம்."

அன்றே கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"யோவ், விசில் அடிக்கறதுக்கு முன்னாடி நீ என்னல்லாம் பார்ப்பே?"

"பதினோரு வருஷத்துல இப்பத்தான்யா என் வேலை என்னன்னு கேக்கறே" என்றார் கண்டக்டர். பிறகு சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. ஒரு கால் மேலே ஒரு கால் கீழே இருக்கிறவங்க. கதவுல மாட்டின முந்தானை. ஏறிட்டு இன்னும் உக்காராத கிழவி. அப்புறம் முக்கியமா ஓடி வர்றவங்க. "கூட்டத்தைப் பார்க்காதே. கூட்டம் தானா ஏறிக்கும். கடைசி ஆளைப் பாரு."

டிரைவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் சமையலறையில் பயிற்சி நடந்தது. நாற்காலி டிரைவர் சீட். ஃபிரிட்ஜ் பின்கதவு. மேஜைமேல் மனைவியின் கைக்கண்ணாடியும் பெண்ணின் கண்ணாடியும் இரண்டு பக்கமும் சாய்த்து வைக்கப்பட்டன. ஒவ்வொரு இடமாகப் பார்த்து முடித்ததும் கால் கிளம்ப வேண்டும். கிளம்பாது.

"விசில்தான் வேணும்னா குக்கர் வெக்கறேன். மூணாவது விசிலுக்குக் கிளம்புங்க" என்றாள் மனைவி.

"ரெண்டுதான்."

"ரெண்டு விசில்ல பருப்பு வேகாது."

நான்கு நாள் கழித்து நாற்காலியில் கால் தானாகவே அழுத்த ஆரம்பித்தது. நாற்காலி வேறு, பஸ் வேறு என்பது அவருக்கும் தெரியும்.

தேர்வு காலை பத்து மணிக்கு. அதே அதிகாரி, அதே நான்காவது இருக்கை. பேனாவைச் சட்டையில் செருகிக்கொண்டிருந்தார். பயிற்சிப் பெண்மணி கடைசி வரிசையில். கம்பியைப் பிடித்திருந்தார்.

முதல் நிறுத்தம். கதவைத் திறந்தார், மூடினார். வலது கண்ணாடி, இடது கண்ணாடி, கதவுக்கு மேலே இருக்கும் சின்னக் கண்ணாடி, படி, உள்ளே, சாலை. எல்லாம் சரி. கால் வரவில்லை. ஒரு நொடி. இரண்டு. மூன்று. அதிகாரி பேனாவை எடுத்தார். பெண்மணி கண்ணை மூடிக்கொண்டார்.

விசிலைத் தொலைத்துவிட்ட நாட்களில் கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிக் கத்துவார். அந்தக் குரல் இப்போது டிரைவரின் வாயிலிருந்து வந்தது.

"போலாம், ரைட்!"

அதிகாரி திடுக்கிட்டு நிமிர்ந்தார். வண்டி தண்ணீரில் போவதுபோல் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது நிறுத்தம். பார்த்தார். போலாம், ரைட். மூன்றாவது. போலாம், ரைட். ஐந்தாவதுக்குள் அதிகாரிக்குப் பழகிவிட்டது. எட்டாவதில் தாளைத் திருப்பிக்கொண்டே காத்திருந்தார்.

பதினொன்றாவது நிறுத்தத்தில் சத்தம் வரவில்லை. கதவு மூடி நான்கு நொடி ஆகிவிட்டது.

"இன்னிக்கு இவ்வளவுதானா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார். கடைசி ஆள்" என்று டிரைவர் பக்கக் கண்ணாடியைக் காட்டினார்.

நடைபாதையில் ஒரு பெண், ஒரு கையில் பையும் மறுகையில் குழந்தையின் ஷூ ஒன்றுமாக, பஸ்ஸின் உடம்பை ஒட்டி ஓடி வந்துகொண்டிருந்தாள். பின்சக்கரத்துக்கு ஒரு முழம்தான் இருக்கும். வண்டி அப்போது கிளம்பியிருந்தால் அதன் பின்பகுதி அவள் பக்கம்தான் ஒதுங்கியிருக்கும். அவள் முன்னால் வந்து கதவைத் தட்டினாள். டிரைவர் திறந்து, இது தேர்வு வண்டி, ஏற முடியாது, அடுத்தது ஆறு நிமிடத்தில் வரும் என்றார். ஒரு கட்டளைகூட இல்லாமல் சொன்னார். அவள் திட்டிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். உட்காரும்வரை பார்த்தார்.

"போலாம், ரைட்."

இருபத்துமூன்றும் முடிந்து ஷெட்டுக்கு வந்ததும் அதிகாரி படிவத்தை நீட்டினார். தேர்ச்சி என்று இருந்தது. கீழே குறிப்புக்கான இடத்தில் இரண்டு வரி. வண்டியைக் கிளப்பும் முன் ஏதோ சொல்கிறார். ஆபத்தில்லை.

"சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கங்க சார்" என்றார் அதிகாரி. ஷெட்டில் யாரோ பெயரைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

கண்டக்டருக்குப் போன் போட்டபோது அவர் டூட்டியில் இருந்தார். கூட்டச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பாஸ் என்ற ஒரு சொல் மட்டும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பதிலுக்கு இரண்டு விசில் வந்தது. யாருக்கு அடித்தாரோ, அங்கே ஒரு வண்டி கிளம்பும் ஓசை கேட்டது.

மறுநாள் அவருக்குப் பழைய வேலைதான். டிரைவர் அட்டை கைக்கு வரப் பத்து நாள் ஆகும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். காலை ஆறரைக்குப் போய்ப் பூட்ஸ் மாட்டிக்கொண்டார். ஒன்பது வண்டிகள் கழுவினார். ஒரு குடையும் ஒற்றைக் கையுறையும் கிடைத்தன. தொலைந்த பொருள் பெட்டியில் போட்டார். பதினொரு மணிக்கு மழை தூறியது. மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தார். மனைவிக்கு மதிய ஷிப்ட். சாவி ஷூ அலமாரியில் இருந்தது. சோற்றைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு, மேஜைமேல் இருந்த இரண்டு கண்ணாடிகளையும் துடைத்து அவரவர் இடத்தில் வைத்தார்.