திருச்செந்தூர் வண்டிக்கு இருபத்தாறு கண்ணாடி

ரயில்வே வேலைக்கு வந்த உத்தரவை நான் வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்பா அப்போதுதான் கார்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே ஓடிய மீட்டர் கேஜ் பாசஞ்சரின் கடைசிப் பெட்டியில், பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாகப் பாதி ஆயுளைக் கழித்தவர். அவருடைய மகள் பரீட்சை எழுதிப் பாஸாகி, டிக்கெட் கவுண்டரில் உட்காரும் உத்தரவும் கைக்கு வந்த பிறகு, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்து போர்டு கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறேன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டு தட்டையாவது உடைத்திருப்பேன். கோபத்தில் நான் அவரை மிஞ்சியவள்.

பேச்சு நின்றது என்றால் வீடு அமைதியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நாள் முழுக்கப் பேசுவார். எல்லாம் அம்மா வழியாக. நான் கைக்கெட்டும் தூரத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். "ஏளா, அவளுக்கு இன்னொரு தோச வேணுமான்னு கேளு" என்பார். அம்மா என்னைப் பார்ப்பாள். "வேண்டாம்னு சொல்லும்மா" என்பேன். அம்மா அவர் பக்கம் திரும்பி, "வேண்டாமாம்" என்பாள். எங்கள் ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது இப்படி ஒரு ஜோடி இருக்கும். சொல்லப்போனால் முதல் ஒரு மாதம் எனக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது.

ஒருநாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். அப்பா அறை வாசலில் வந்து நின்று, "ஏளா, அவளுக்கு இப்ப எப்படி இருக்குன்னு கேளு" என்றார். அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கேட்க ஆளில்லை என்பது அவருக்கு மெல்லத்தான் உறைத்தது. கொஞ்ச நேரம் நிலையைப் பிடித்தபடி நின்றார், பிறகு போய்விட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என்ன செய்தாவது அவர் வாயிலிருந்து எனக்கென்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன்.

போய் மன்னிப்புக் கேட்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். அம்மாவும் சொன்னாள். நான் என்ன தப்பு செய்தேன், மன்னிப்புக் கேட்க? எனக்குத் தெரிந்தது இயந்திர வேலை, அதில்தான் பேசுவேன் என்று நினைத்தேன்.

கடையில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று ஸ்டிக்கர் வெட்டுவது. மற்றொன்று கடைக்கார அண்ணாச்சி புதிதாக இறக்கியது. கம்ப்யூட்டரில் நாம் வரைந்த கோட்டின் மேலேயே ஒரு சன்ன ஊசி சுழன்றுகொண்டு போய் அக்ரிலிக் பலகையை வெட்டும். டாக்டர், வக்கீல் பெயர்ப்பலகைகளை அதில்தான் செய்தோம். அப்பா வேலை பார்த்த ரயிலின் கடைசிப் பெட்டியை முழ நீளப் பொம்மையாகச் செய்யப் போகிறேன் என்றதும் அண்ணாச்சி சிரித்தார். "மிஷினு சும்மாதான கெடக்கு. பைய வெட்டிப் பாரு. ஊசிய மட்டும் ஒடச்சிராத" என்றார்.

பெட்டியின் உடம்பு ஒரே மத்தியானத்தில் முடிந்துவிட்டது. வெள்ளை அக்ரிலிக்கில் சுவர்களை வெட்டி, செங்காவி நிற ஸ்டிக்கர் ஒட்டினேன். முன்பாதி ஜனங்களுக்கு, பின்பாதி கார்டுக்கு. என்னைப் படாதபாடு படுத்தியது ஜன்னல் கண்ணாடிதான். பக்கத்துக்குப் பதின்மூன்று, மொத்தம் இருபத்தாறு.

முதலில், கல்லூரிகளில் விளக்கு வைத்துத் திரையில் பாடம் காட்டுவார்களே, அந்த ஒளிபுகும் தாளை வெட்டி ஒட்டினேன். இரண்டே நாளில் நெளிந்துபோய், உள்ளே இருக்கும் பெஞ்சுகள் எல்லாம் வளைந்து தெரிந்தன. அடுத்து, தெளிவான அக்ரிலிக்கை மெல்லிசாக வாங்கி இயந்திரத்தில் போட்டேன். ஊசியின் சூட்டில் விளிம்பு உருகி, வெட்டிய இடத்திலேயே பாகாக ஒட்டிக்கொண்டது. வேகத்தைக் குறைத்தேன், உருகியது. கூட்டினேன், விரிந்தது. கடைசியில் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி, ஒரே வீச்சில் வெட்டாமல் நான்கு தடவையாக இறக்கி இறக்கி வெட்டினேன். விளிம்பு வழவழவென்று வந்தது. அன்றைக்குக் கடையில் எல்லோருக்கும் என் செலவில் அல்வா.

அல்வா சாப்பிட்ட கையோடு புத்தி போனது பாருங்கள். அவசரத்தில், நொடியில் பிடிக்கும் பசையை வைத்து இருபத்தாறையும் ஒட்டி, தூசி படாமலிருக்க பிஸ்கட் டப்பாவுக்குள் மூடி வைத்தேன். மறுநாள் திறந்தால் எல்லாக் கண்ணாடியும் வெள்ளை பூத்துக் கிடந்தது. அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்தில் வெளியேற வழியில்லாமல் கண்ணாடியிலேயே படிந்துவிடும் என்று எனக்கு அதற்கு முன் யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பிய்த்தெறிந்துவிட்டு முதலிலிருந்து வெட்டினேன். இந்தத் தடவை காய்ந்தால் நிறமில்லாமல் போகும் வெள்ளைப் பசை. மேலிருந்த காப்புத் தாளை உரித்தபோது, கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று நானே விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இரண்டு மாத வேலை. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பரீட்சை முடிவையும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி நேரத்தில், அப்பாவின் பேப்பருக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"ஏளா, இது எந்த ஊரு வண்டின்னு கேளு."

"திருச்செந்தூர் வண்டின்னு சொல்லும்மா."

"திருச்செந்தூர் வண்டியில எவன் கண்ணாடிய எறக்கி விட்டிருக்கான்? அத்தன ஜன்னலும் மூடிக் கெடக்கு. உள்ள இருக்கவன் வெந்துல்லா போவான்னு சொல்லு."

அம்மா அதையும் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்று அம்மா வழியாகவே சொல்லியனுப்பினேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்த வண்டியில் போய் வருகிறவள். அதில் கண்ணாடிச் சட்டத்தைக் கீழே இறக்கி நான் பார்த்ததேயில்லை. ஸ்ரீவைகுண்டம் தாண்டி வாழைத்தோட்டத்துக் காற்று வரும்போது எவன் மூடுவான்? மழை பெய்தாலும் கொஞ்சம் தள்ளி உட்காருவார்களே தவிர, கண்ணாடியைத் தொடமாட்டார்கள். எல்லாம் தெரிந்திருந்தும் நான் தெளிவான கண்ணாடி செய்த பெருமையில், இருபத்தாறு ஜன்னலையும் அடைத்து வைத்திருக்கிறேன். கண்ணாடி செய்கிறவளுக்குக் கண்ணாடி மட்டுமே தெரியும் போல.

திங்கட்கிழமை மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஒட்டுகிற கண்ணாடி இல்லை, ஏற்றி இறக்குகிற கண்ணாடி. சுவருக்குள் இரண்டு பக்கமும் சன்னப் பள்ளமாகக் காடி எடுத்து, ஒவ்வொரு கண்ணாடியும் அதில் மேலே போய் நிற்க வேண்டும். காடி மயிரிழை குறைந்தால் சிக்கியது, கூடினால் தொப்பென்று விழுந்தது. அசல் வண்டியிலும் அப்படி விழுந்து விரல் நசுங்கியவர்கள் உண்டு என்று சமாதானம் செய்துகொள்ளலாம். எனக்கு மனசு வரவில்லை.

அளவு கேட்க அப்பாவைத் தவிர ஆளில்லை. அடுப்படியில் விசாரணை நடந்தது.

"கண்ணாடிய முழுசாத் தூக்கினா மேல எவ்வளவு ஒளியும்னு கேளும்மா."

"ஒரு விரக்கட வெளிய தெரியும்னு சொல்லு."

"கார்டு ஜன்னலும் அப்படித்தானான்னு கேளும்மா."

"அது வேற. அதப் பாதியில நிறுத்தலாம். கொக்கி உண்டும்னு சொல்லு."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா மூடியைக் கீழே வைத்தாள். "கொக்கியாம், காடியாம். எனக்கு ஒரு எழவும் வெளங்கல. அப்பனும் மகளும் நேராப் பேசுனா பேசுங்க, இல்லன்னா வாயப் பொத்திக்கிட்டுக் கெடங்க" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு ஆழ்வார்குறிச்சியில் இருந்த சித்தி வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

இரண்டு நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். உப்பு வேண்டுமென்றால் அவர் சட்டியைத் தட்டுவார், நான் டப்பாவைத் தள்ளிவிடுவேன். அதற்குள் கண்ணாடி வேலையும் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, அவர் எழுந்திருக்கும் முன்னால் கடைக்குக் கிளம்பிவிட்டேன். எதிரே நின்று மறுபடி ஒரு பதிலை வாங்க எனக்குத் தைரியமில்லை.

பதினொரு மணி இருக்கும். ஒரு பல் டாக்டர் பெயரை வெட்டிக்கொண்டிருந்தேன். ஊசிச் சத்தமும் தூசி இழுக்கும் மோட்டார் சத்தமும் சேர்ந்தால் எங்கள் கடையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. நிமிர்ந்தால், இந்தக் கடைப் படியை மிதிக்கமாட்டேன் என்று சொல்லியிருந்த அப்பா, மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே நின்றுகொண்டிருந்தார். பைக்குள் ரயில் பெட்டி.

என் பக்கம் திரும்பாமல் நேராகக் கடைக்காரரிடம் போனார். "அண்ணாச்சி, அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்ன அண்ணாச்சி?" கடைக்காரர் காதுக்குக் கை வைத்தார்.

"அவகிட்ட, கண்ணாடி…"

"ஒண்ணும் கேக்கல வே! அங்கன போய் அவகிட்டயே சொல்லும்!"

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். சொல்லியனுப்ப வேறு ஆளில்லை. மெதுவாக நடந்து என் மேஜைக்கு வந்தார். பெட்டியைப் பையிலிருந்து எடுத்து, கார்டு ஜன்னலின் கண்ணாடியைச் சுண்டுவிரலால் தூக்கினார். அது பாதியில் போய் நின்றது. பிறகு மோட்டார் சத்தத்தையும் மீறி, பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரலில் கத்தினார்.

"ஏட்டி! தூக்கவும் வருது, எறக்கவும் வருது! அசல் வண்டியிலகூட இப்படி வராதுட்டி!"

எனக்கு நன்றாகக் கேட்டது. தெருவில் காய் விற்றுக்கொண்டிருந்தவருக்கே கேட்டிருக்கும்.

"கேக்கலப்பா" என்றேன்.

கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினேன். கடை அமைதியாகிவிட்டது. அண்ணாச்சி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அப்பா கார்டு ஜன்னலின் கண்ணாடியை இறக்கி, மறுபடி பாதிக்குத் தூக்கினார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏட்டி" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.