இடதுபுறம் திரும்ப மட்டும்

டிப்போவில் அவளுக்கு நத்தை அக்கா என்று பெயர். மற்ற இடங்களில் நன்றாகத்தான் ஓட்டுவாள். பெரிய நாற்சந்திக்கு வந்தால் மட்டும் அவளுடைய பேருந்து இடது ஓரமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். பச்சை விழுந்த பிறகும் ஒரு மூச்சு யோசித்துத்தான் நகரும். அவள் நேராகப் போக வேண்டியவள். இடது பக்கம் திரும்ப வேண்டியவர்கள் அவளைத் தாண்டிப் போக வழியில்லாமல் பின்னால் ஹாரனை அமுக்கிக்கொண்டே நிற்பார்கள். ஒரு லாரிக்காரர் இறங்கி வந்தே கேட்டார்: "என்னம்மா, பஸ்ஸை இங்கேயே கட்டிப்போட்டுட்டியா?"

"சிக்னலைத் தாண்டினதும் ஸ்டாப் இருக்குண்ணே. ஓரமாத்தானே நிக்கணும்."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. மூலைக் கட்டடத்தின் முதல் மாடியில் ஒரு தையல் கடை. ஜன்னலோரத்து மிஷினில் குனிந்திருப்பவள் அவளுடைய தங்கை. இடது ஓரத்தில் முதல் வண்டியாக நின்றால், முன்கண்ணாடியின் மூலையில் அந்த ஜன்னல் முழுதாகத் தெரியும். தங்கை நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். சில நாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணைக் கசக்குவாள். பிறகு பச்சை விழுந்துவிடும்.

இருவரும் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்திலேயே இருந்தவள் தங்கைதான். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை; கிடைத்த நாட்களிலும் வார்டுக்குள் போகப் பயந்து வராந்தாவிலேயே நின்றுவிட்டு வந்தாள். எல்லாம் முடிந்து அம்மாவின் துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது, "ஒரு நாளாவது நீ கூட இருந்திருக்கலாம்," என்றாள் தங்கை.

"நீ வீட்ல சும்மாதானே இருந்த? பார்த்துக்கிட்டதுல என்ன குறைஞ்சுபோச்சு?"

வாய் தவறி வந்த வார்த்தை. தங்கை கையிலிருந்த புடவையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவள்தான். பிறகு கடை போட்டாள், தலை நரைத்தது, எல்லாவற்றையும் அக்கா சிக்னலில் நின்றுதான் தெரிந்துகொண்டாள். ஊரே அவளை அக்கா என்றது. கூப்பிட வேண்டியவள் கூப்பிடவில்லை.

இடது சாலையில் ஒரு மருத்துவமனை இருந்தது. ஒருநாள் ஆம்புலன்ஸ் ஒன்று அவளுடைய பேருந்துக்குப் பின்னால் சிவப்பு மாறும்வரை அலறிக்கொண்டு நின்றது. ஒதுங்க இடமில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் இடது ஓரத்தைத் திரும்புகிறவர்களுக்கென்றே ஒதுக்கினார்கள். தரையில் பெரிய வெள்ளை அம்பு, அடுத்த வரிசையிலிருந்து பிரிக்க, இடித்தால் வளையும் கம்பங்கள், தலைக்கு மேல் பலகை. நேராகப் போகும் பேருந்துகள் நடுவில்தான் நிற்க வேண்டும். செய்தது சரி என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் நடுவில் நின்றால் அந்த ஜன்னல் முன்கண்ணாடிக்குள் அகப்படவில்லை; பக்கத்தில் போகும் வண்டிகளின் கூரைதான் தெரிந்தது.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு டைம் கீப்பரிடம் போனாள். "இடது பக்கம் திரும்புற ரூட்டை எனக்குக் குடுங்க."

"அந்தக் குண்டும் குழியுமா இருக்கிற ரோட்டையா? எல்லாரும் அதைத் தலையிலேர்ந்து இறக்கப் பார்க்குறாங்க, நீ கேட்டு வாங்குற!"

வாங்கினாள். முதல் நாள், வண்டியை வெள்ளை அம்பின் மேல் ஏற்றினாள். ஆனால் இப்போது திரும்புகிறவர்களுக்குச் சிவப்பிலும் நிற்கிற வேலையே இல்லை. ஜன்னல் வந்தது, போனது. ஒரு தோளும் மஞ்சள் துணியும் மட்டும் தெரிந்தன. வேகத்தைக் குறைத்தால், "அக்கா, போலாம் போலாம்," என்று கண்டக்டர் விசிலடித்தார். ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய பாதை இருந்ததையும் பறித்துக்கொண்டது.

ஒரு மத்தியானம், திருப்பத்தை அடுத்த நிறுத்தத்தில் தங்கை ஏறினாள். கையில் பை கூட இல்லை. எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டதற்கு, "அடுத்த ஸ்டாப்," என்றாள். நேராக முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நேர் ரூட்ல இப்ப மொட்டைத்தலை ஒருத்தர் வரார்," என்றாள், சாலையைப் பார்த்தபடி. "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு அவர்கிட்டப் போய்க் கேட்டேன். இந்தப் பக்கம் மாத்திக்கிட்டதா சொன்னார்."

"நான் நிக்கிறது உனக்குத் தெரியுமா?"

"கீழ அவ்வளவு பேர் ஹாரன் அடிச்சா யாருதான் எட்டிப் பார்க்க மாட்டாங்க?"

அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு நான் சொன்னது..."

"ரோட்டைப் பாரு. டிரைவர்கிட்டப் பேசாதேன்னு போர்டு போட்டிருக்கு."

அடுத்த நிறுத்தம் வந்துவிட்டது. படியில் ஒரு கால் வைத்துக்கொண்டே தங்கை கேட்டாள்: "உனக்கு என்னைக்கு லீவு?"

"வியாழன்."

"வியாழன் எனக்கு வேலை ஜாஸ்தி." இறங்கிவிட்டுத் திரும்பினாள். "சாயங்காலமா வா. பட்டன் தைக்க ஆள் இல்ல."

அக்கா போனாள். அடுத்த வியாழனும் போனாள். இருவரும் துணி விலை பேசினார்கள், பல்வலி பேசினார்கள். சொல்ல நினைத்த மன்னிப்பு ஒவ்வொரு முறையும் நாக்கு நுனி வரை வந்து திரும்பியது.

ஒரு வியாழன் தங்கை துணியிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்: "கடைசியில அம்மா உன்னைத்தான் கேட்டுக்கிட்டிருந்தாங்க. டூட்டியில இருக்கா, முடிச்சிட்டு வந்துடுவான்னு சொல்லி வச்சேன்."

அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். அம்மா என்ன சொன்னாள், நம்பினாளா, இன்னும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை அடுத்த சட்டையை எடுத்து நீட்டினாள். மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது.