மூன்று நிமிடம் பின்னால் ஓடும் திரை

என் அக்காவைக் கட்டியவர், அதாவது என் அத்தான், அடுத்தவர்கள் ஆடும் வீடியோ கேமை இருநூறு பேருக்குக் காட்டிச் சம்பளம் வாங்கினார். சொன்னால் யாருக்கும் புரியாது.

"அவரு ஆடுவாரா?"

"இல்ல."

"ஆடக் கத்துக் குடுப்பாரா?"

"அதுவும் இல்ல. அவங்க ஆடறத இவங்களுக்குக் காட்டுவாரு."

"அதுக்கு ஒரு ஆளா?"

இந்த இடத்தில் அக்காவுக்கு மூக்கு சிவந்துவிடும். நான் பேச்சை மாற்றுவேன். பேச்சை மாற்றுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை மன்னித்து அனுப்பியதும் அப்படித்தான்.

அந்த ஹால் முன்பு கட்டில் பீரோ விற்ற கடை. மேடையில் பத்து கம்ப்யூட்டர், மேலே சுவர் அகலத்துக்கு ஒரு பெரிய திரை. ஒரு பக்கம் ஐந்து பேர், மறுபக்கம் ஐந்து பேர். சுட்டுக்கொள்வார்கள். பத்துப் பேருக்கும் பத்துக் காட்சி. உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கோ ஒரே திரை. எந்த நேரத்தில் யாருடைய கண்ணால் பார்ப்பது? அதை முடிவு செய்வதுதான் அத்தானின் வேலை. கடைசி வரிசைக்குப் பின்னால் பிளைவுட் அடைத்த ஒரு சின்ன அறை. அவர் விரலடியில் பத்து எண்கள். நாலை அழுத்தினால் நாலாம் நம்பர் ஆட்டக்காரன் பார்ப்பதை ஹாலே பார்க்கும். திரையின் மூலையில் உள்ளங்கையளவு ஒரு மேப், அதில் பத்துப் புள்ளிகள் எறும்பு மாதிரி ஊரும். புள்ளியையும் பார்க்க வேண்டும், காட்சியையும் பார்க்க வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில். சண்டை வெடிக்கப்போகும் இடத்துக்கு இரண்டு விநாடி முன்பே போய்விட வேண்டும். பிந்தினால் பிணத்தைத்தான் காட்ட முடியும்.

அத்தான் பிந்தியதே இல்லை. காரணம், அதற்கு முன் ஒன்பது வருஷம் ஒரு பெரிய துணிக்கடையில் சிசிடிவி அறையில் உட்கார்ந்திருந்தவர்.

"திருட வந்தவன் துணியப் பாக்க மாட்டான், ஆளத்தான் பாப்பான்," என்பார். "இங்கயும் அப்படித்தான். ஓடறவன விட்டுடு. எவன் சும்மா நிக்கறானோ அவன்தான் சுடப் போறான்."

ஹாலில் கைதட்டல் கூரையைப் பிய்க்கும்போது ஒருவர்கூடப் பின்னால் திரும்பி அந்தப் பிளைவுட்டைப் பார்த்ததில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம். "யாரு காட்டினதுன்னு கேட்டுட்டா நான் தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம்."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய திரை மூன்று நிமிடம் பின்னால் ஓடும். ஒரு தடவை கூட்டத்தில் ஒருவன் "பின்னால இருக்கான்டா" என்று கத்தி, அது ஆட்டக்காரன் ஹெட்போனையும் தாண்டிக் காதில் விழுந்து, பெரிய தகராறு ஆகிவிட்டது. அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. அத்தான் அழுத்துவது ஒரு பெட்டிக்குள் போய் மூன்று நிமிடம் கழித்துத்தான் திரைக்கு வரும். உள்ளே போனதை எடுக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. திரும்பப் போட்டுக் காட்டும் வசதி அந்த ஹாலில் கிடையாது. அவர் காட்டியதுதான் ஆட்டம். அதனால் ஜெயித்தவர்களும் உடனே எழுந்து குதிக்கக் கூடாது. கூட்டம் பார்த்து முடிக்கும்வரை மேடையில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மீறினால் ஆட்டமே போச்சு.

அத்தானுக்குக் கண் போன விஷயம் எனக்குத் தெரிந்தது ஒரு ரப்பர் கரப்பான்பூச்சியால். அவர் சாப்பிடும்போது தட்டுக்கு வலப்பக்கம் அதை வைத்துவிட்டுக் கதவோரம் காத்திருந்தேன். அத்தான் கரப்பானைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற ஆள். அன்று நிதானமாகச் சாப்பிட்டார். தண்ணீர் டம்ளரைத் தேடிய கை அதைத் தொட்டது, நகர்த்தியது, மேலே போனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அத்தான், அது என்னன்னு பாருங்க."

அவர் முகத்தை முழுசாகத் திருப்பினார். பார்த்தார். "உங்க அக்காகிட்ட சொல்லாதே வாலு," என்றார். கரப்பானைப் பற்றிச் சொல்லவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சர்க்கரை கண்ணில் ஏறியிருந்தது. வலது கண் சுத்தமாகப் போய்விட்டது. இடது கண்ணின் கீழ்ப்பாதியில் புகை. போனது போனதுதான், மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமானால் திரை பார்க்கும் வேலையை விடச் சொன்னார் கண் டாக்டர். விட்டால் வேறு வேலை? கண்ணால் மட்டுமே பிழைத்த மனுஷன். அவர் செய்தது ஒன்றுதான்: கீழே இருந்த மேப்பை மேல் இடது மூலைக்கு ஏற்றிக்கொண்டார். மிச்சமிருந்த கண்ணுக்கு அந்த மூலை தெரிந்தது. இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினார். ஓனருக்குத் தெரிந்தால் மறுநாள் அந்த நாற்காலி இல்லை. அதனால் தெரியவே இல்லை.

இறுதிப்போட்டி ஞாயிறு மதியம். அக்கா கொடுத்த சாப்பாட்டுக் கேரியரோடு நான் போனபோது ஓனர் பிளைவுட் அறையில் நின்றுகொண்டிருந்தார். அத்தானைவிடப் பத்து வயது சின்னவர், கெட்டவர் இல்லை.

"அண்ணே, கூல்டிரிங்க் கம்பெனிக்காரங்க அவங்க விளம்பரம் மேல இடது மூலைலதான் வரணுங்கறாங்க. மேப்ப கீழ வலது பக்கம் தள்ளிட்டேன். ஒண்ணும் பிரச்சன இல்லயே?"

"எனக்கென்ன பிரச்சன? கண்ணு ரெண்டு இருக்கே."

ஓனர் சிரித்துக்கொண்டே போனார். நான் கதவைச் சாத்தினேன்.

"அத்தான், நான் பக்கத்துல உக்காந்து நம்பர் சொல்றேன்."

"நீயா? நீ எட்டுன்னா அது மூணா இருக்கும். கேரியர வச்சிட்டுக் கெளம்பு."

"நெஜமாவே ஒழுங்கா சொல்றேன்."

"வாலு, பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து எனக்கு நம்பர் சொன்னா, அப்புறம் எனக்கு எதுக்கு இங்க நாற்காலி?"

நான் கிளம்பவில்லை, கதவோரமே நின்றேன். வருகிற வழியில் ஒரு அம்மாவை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலையாம், ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். ஏழாம் நம்பர் ஆட்டக்காரனின் அம்மா. அவனுக்குப் பட்டப்பெயர் தூங்குமூஞ்சி.

"நாள் பூரா கதவச் சாத்திட்டு உள்ள என்னதான் பண்றான்னு இன்னிக்காவது பாக்கணும்மா," என்றார். "எங்க தெரிவான்?"

"அந்தப் பெரிய திரைலதாம்மா."

அத்தானிடம் சொன்னேன், "ஏழோட அம்மா வந்திருக்காங்க, ரெண்டாம் வரிசைல. அவனக் கொஞ்சம் நல்லா காட்டுங்க."

"சிபாரிசெல்லாம் இங்க செல்லாது," என்றார். ஆனால் காட்டினார்.

ஒரு மணி நேரம் சமாளித்தார். கழுத்து மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது, கோழி தண்ணீர் குடிப்பது மாதிரி. மேப்பைப் பார்த்தால் காட்சி போய்விடும், காட்சியைப் பார்த்தால் மேப் புகைக்குள் போய்விடும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் சமம். தூங்குமூஞ்சியின் ஆட்கள் நான்கு பேரும் செத்துவிட்டார்கள். எதிரில் இன்னும் மூன்று பேர். படிக்கட்டுத் திருப்பத்தில் பதுங்கி ஒருவனை வீழ்த்தினான். அத்தான் அதை அப்படியே பிடித்தார், அழகாக. அப்புறம் ஒரு பெரிய கட்டிடத்துக்குள் நீண்ட கண்ணாமூச்சி. மிச்சம் இரண்டு பேர்: இரண்டாம் நம்பரும் நாலாம் நம்பரும். அத்தான் நாலை அழுத்தினார். நாலு ஒரு நடைக்கூடத்தில் சுவரைப் பார்த்து அசையாமல் நின்றது. சும்மா நிற்கிறவன்தான் சுடுவான் என்பது அவர் கணக்கு.

கீழ் வலது மூலை மேப்பில் இன்னொரு புள்ளியும் நின்றுவிட்டதை நான் பார்த்தேன். ஏழு. "அத்தா..." என்று தொடங்கி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தூங்குமூஞ்சி இரண்டை எங்கோ வீழ்த்தினான். திரும்பி, நாலை முதுகில் சுட்டான். எங்களுக்குத் தெரிந்தது ஆறு விநாடி வெறும் சுவர். நாலு செத்து விழ, அந்தச் சுவர் சாய்ந்தது. ஸ்கோர் மாறியது.

அத்தான் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏழா?"

"ஏழுதான்."

"ரெண்டு பேரயுமா?"

"ஆமா."

வெளியே ஹாலுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் மூன்று நிமிடம் பின்னால் இருந்தார்கள். மேடையில் தூங்குமூஞ்சி கல்லாக உட்கார்ந்திருந்தான், ஜெயித்துவிட்டு.

"மெயின் சுவிட்ச் வெளிய நடைலதான் இருக்கு," என்றேன். "ஒரு தட்டு தட்டினா ஹாலே இருட்டு. கரண்டு போச்சுன்னு நெனச்சுக்குவாங்க. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"இதுக்கு முன்னாடி பண்ணிருக்கியா?"

"இங்க ரெண்டு தடவ. ஸ்கூல்ல கணக்கு வைக்கல."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். "போ," என்றார். "போய்த் தட்டு."

ஓடினேன். கையை சுவிட்ச் மேல் வைத்துவிட்டேன். பின்னாலேயே சுவரைத் தடவிக்கொண்டு அத்தான் வந்தார். என் மணிக்கட்டைப் பிடிக்கத் தெரியாமல் முதலில் காற்றைப் பிடித்தார்.

"விடு."

"இன்னும் ஒண்ணரை நிமிஷம்தான் அத்தான்."

"அந்தம்மா எழுந்து நிக்கறாங்க, பாரு."

நடையிலிருந்து ஹால் தெரிந்தது, திரையில் அப்போதுதான் படிக்கட்டு வந்திருந்தது. தூங்குமூஞ்சி பதுங்குகிறான், மூச்சு விடுகிற மாதிரி துப்பாக்கி ஏறி இறங்குகிறது, சுடுகிறான். கூட்டம் கத்தியது. இரண்டாம் வரிசையில் அந்த அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பக்கத்து இருக்கைக்காரரைத் தோளில் தட்டி எதையோ கேட்டார், அவர் தலையாட்டினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் நல்லாத்தான் போகும்," என்றார் அத்தான். "அத நிறுத்தாதே."

நான் கையை எடுத்தேன்.

பிறகு சுவர் வந்தது. அவ்வளவு பெரிய திரையில் அது நிஜமாகவே பெரிய சுவர். ஹால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தது. சாய்ந்தது. ஸ்கோர் மாறியது. மேடையில் ஐந்து பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தார்கள். கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை.

"என்னடா ஆச்சு?"

"யாருடா சுட்டது?"

"எவன்டா அங்க காட்டறவன், தூங்கிட்டானா?"

முதல் தடவையாக ஹால் மொத்தமும் திரும்பிப் பிளைவுட்டைப் பார்த்தது. ஒரு காகிதக் கப் வந்து விழுந்தது. நாங்கள் அறைக்குள் வந்து உட்கார்ந்தபோது ஓனர் நுழைந்தார்.

"என்னண்ணே இது? கம்பெனிக்காரங்க முன்னாடி மானம் போச்சு. மேப்ப மாத்தினதாலயா? சொல்லுங்க, அப்படித்தான்னா நான் பேசிக்கறேன்."

வழியை அவரே திறந்து வைத்தார். ஆமாம் என்றால் போதும்.

"கண்ணு தெரியலப்பா," என்றார் அத்தான்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

ஓனர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். "அப்ப இத்தன நாளு காட்டினதெல்லாம்?"

"பாதி பாத்தேன். பாதி நெனச்சுக்கிட்டேன்."

ஓனர் அத்தானின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு வெளியே போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கதவு மறுபடி திறந்தது. அந்த அம்மா.

"காட்டறவரு இங்கதான் இருப்பாருன்னு சொன்னாங்க. கடைசில எம்பையன் ஏதோ பண்ணானாமே. நான் கண்ணாடிகூட கழட்டலங்க, ஆனா சுவருதான் தெரிஞ்சுது. ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டுங்களேன்."

"அது இல்லம்மா. எடுக்கல."

"பரவால்ல, வாயாலயாவது சொல்லுங்க. எப்படிச் சுட்டான்?"

அத்தான் நினைத்திருந்தால் ஒரு கதை கட்டியிருக்கலாம். நானாக இருந்தால் கட்டியிருப்பேன், ஜன்னல், கயிறு, பல்டி எல்லாம் வைத்து.

"நானும் பாக்கலம்மா," என்றார்.

"நீங்களே பாக்கலயா? அப்ப யாருதான் பாத்தாங்க?"

அதற்குள் தூங்குமூஞ்சி அம்மாவைத் தேடிக்கொண்டு வந்து கதவில் நின்றான். ஹெட்போன் அழுத்திய தடம் தலைமுடியில் பள்ளமாக இருந்தது.

"பாத்தியாம்மா?"

அந்த அம்மா அத்தானை ஒரு கணம் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"பாத்தேன்டா. நல்லா சுட்ட."

"எது? கடைசில அடிச்சதா?"

"அதையும்தான். வா, ஷிப்ட்டுக்கு நேரமாச்சு."

போய்விட்டார்கள். அத்தான் சட்டைப் பையைத் துழாவி அறைச் சாவியை எடுத்தார். யாரும் கேட்கவில்லை. மேசை விளிம்பு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, கீழே விழாத இடமாக வைத்தார்.